புளியடிக் கதவின் இரண்டாவது திறப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் வீட்டுப் படலை சத்தம் போட்டால் அது ஆசீர்வாதத்தார்தான். தம்பலகாமத்திலிருந்து பஸ்ஸில் வந்து, திருகோணமலை நகரத்தில் ஒரு சிறிய மண்டபத்தில் கூடும் லூத்தரன் சபையில் ஆராதனை முடித்து, ஓர்ஸ் ஹில் ஏற்றத்தை மூச்சு வாங்காமல் ஏறி, பால் விடாத ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுப் போவார். இருபது வருட வழக்கம். அந்த ஞாயிறும் கேத்தலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. படலை சத்தம் போடவில்லை, தொலைபேசி அடித்தது. அவருடைய மகள் ஞானமலர்.

"மாமா, அப்பா போயிட்டார்."

"எங்க போனவர்?" என்று கேட்டேன்.

அறுபத்தாறு வயதில் ஒருவன் கேட்கக்கூடிய கேள்வியா அது? ஆனால் அப்படித்தான் கேட்டேன். அவள் மறுபடி சொன்ன பிறகும் எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யானையோ?" என்றாள். தம்பலகாமத்தில் காலையில் ஒரு விவசாயி வயற்பக்கம் போய் இறந்துவிட்டார் என்றால் எங்களுக்கு முதலில் வருவது அந்த நினைப்புத்தான். யானை இல்லை. ஆராதனைக்கு வெளிக்கிடுமுன், பெரும்போக விதைப்புக்கு வாய்க்கால் துப்புரவாகிவிட்டதா என்று பார்க்கப் போயிருக்கிறார். வாய்க்காலை மறிக்கும் புளியடிக் கதவுக்குப் பக்கத்துச் சீமெந்துத் திட்டில் இருந்தவர் பிறகு எழும்பவில்லை. மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஒருவர் தூரத்தில் நின்று இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிட்டப் போனாராம்.

எண்பத்தொரு வயது என்றால் எல்லோரும், "வயது போனவர்தானே" என்கிறார்கள். அந்தக் கதையை என்னிடம் கதைக்க வேண்டாம். முதல்நாள் பின்னேரம் ஐந்து மணிக்கு என்னோடு தொலைபேசியில் கதைத்த மனிதர் அவர்.

"புதன்கிழமை கூட்டம் ஐயா. வாறீங்களோ?" என்று கேட்டார். ஒவ்வொரு போகத்துக்கும் விதைப்புக்கு முன்னால் விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் கூடி, தண்ணீர் எந்த நாளில் திறப்பது என்று முடிவு செய்யும் கூட்டம் அது. நான் அந்தப் பகுதிக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆறு வருடமாக ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் அவர் எனக்கு அழைப்பெடுத்து இதே கேள்வியைக் கேட்டார். ஆறு வருடமாக எனக்கு முழங்கால் நோ, அல்லது கண் கிளினிக், அல்லது ஒரு கலியாண வீடு. இந்தமுறை மட்டும், "ஓம், வாறன். எழும்பிக் கதைக்கவும் போறன்" என்றேன். "அப்ப நான் முன்கதிரையில இருக்கிறன்" என்றார் அவர்.

அந்தக் கூட்டத்தில் எழும்பி நின்று சொல்ல இருந்ததை, அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இந்த நினைவு மலரில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கேட்க வேண்டியவர் நான்கு நாள் பொறுக்கவில்லை.

சாமுவேல் ஆசீர்வாதம் இந்த மண்ணில் பிறந்தவரல்லர். மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கலவரத்தில் வீடு எரிந்து, மனைவியோடும் ஒரு தகரப் பெட்டியோடும் இங்கே வந்து சேர்ந்தவர். கொழுந்து பறிக்கிற ஊராருக்கு நெல்லைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்தவர்கள் பிறகு அவரிடம் விதைநெல் கேட்டுப் போனார்கள். பேச்சும் நாளடைவில் தம்பலகாமத்துப் பேச்சாகிவிட்டது. கோபம் வந்தால் மட்டும் மலைநாட்டுத் தமிழ் வெளியே வரும். அதுவும் அபூர்வம். ஒருமுறை வாய்க்காலுக்குள் உழவு இயந்திரத்தை இறக்கிக் கழுவிய ஒருவரைப் பார்த்து, "என்னாங்க, குடிக்கிற தண்ணியில இப்படி பண்றீங்களே!" என்று அவர் கத்தியதை நான் கேட்டிருக்கிறேன். அந்த மனிதர் திகைத்துப்போய் இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டுக் கரையேறிவிட்டார். "என்ர கோபத்துக்குப் பயந்து இல்லை ஐயா, இது என்ன பாசை எண்டு பயந்து ஏறினவர்" என்று பிறகு அவரே சொல்லிச் சிரித்தார்.

லூத்தரன் என்றால் என்ன என்று ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. அவரை 'வேதக்காரர்' என்று மொத்தமாகச் சொல்லிவிடுவார்கள். விளக்கம் கேட்டால், "கத்தோலிக்க ஆக்களிட்டக் கேட்டால் எங்களை வேற ஆக்கள் எண்டுவினம். கைதட்டிப் பாடுற சபைக்காரரிட்டக் கேட்டால் எங்களைக் கத்தோலிக்கர் எண்டுவினம். நாங்கள் ரெண்டு வீட்டுக்கும் நடுவில வேலி மாதிரி" என்பார்.

அவரைப் புளியடி வாய்க்காலுக்கு வட்டவிதானையாக்கியதும் இந்தத் தனிமைதான். வட்டவிதானை என்பவர் எந்த வயலுக்கு எந்த நாளில் தண்ணீர் என்று பார்த்து விடுபவர்; விவசாயிகளே கைதூக்கித் தெரிவு செய்வார்கள். வாய்க்காலின் தலைப்பில் தமிழருடைய வயல்கள், கடைசியில் கடைக்கண்டத்தில் கிண்ணியா முஸ்லிம்களுடைய வயல்கள். இவர்கள் ஒருவரைச் சொன்னால் அவர்கள் எழும்புவார்கள், அவர்கள் ஒருவரைச் சொன்னால் இவர்கள். கடைசியில் கடைக்கண்டத்தில் நாலு ஏக்கர் செய்யும் றசீத் எழும்பினார். பெரிய வாய்க்காரர், நியாயமும் தெரிந்தவர். "இந்த மனிசன வைங்க. இவருக்கு இங்க சொந்தக்காரனும் இல்ல, இவர்ட சமயத்துல வேற ஆளும் இல்ல" என்றார். சனம் சிரித்துக்கொண்டே கைதூக்கியது. ஆசீர்வாதத்தாரின் வயல் தலைப்பில்தான் இருந்தது. ஆனால் பன்னிரண்டு வருடமும், கடைக்கண்டத்துக் கடைசி வரம்பு நனைந்த பிறகுதான் தன் வாய்க்கால் மடையை வெட்டினார். நான் கண்ணால் கண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சீண்டினேன். "ஒவ்வொரு கிழமையும் போய் அங்க என்னதான் செய்யிறீங்கள்?"

"முதல் வேலை, எல்லாரும் எழும்பி நிண்டு நாங்கள் பாவிகள் எண்டு சொல்லுறது. போதகரும் சேர்ந்துதான். பாட்டு, பிரசங்கம் எல்லாம் அதுக்குப் பிறகு."

"பக்கத்தில நிக்கிறவர் செய்த களவு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தால்?"

"அது அவர் சொல்ல வேண்டியது. மற்ற ஆளின்ர பிழையைச் சொல்லுறதுக்கு எங்கட ஆராதனையில இடமில்லை ஐயா. இடம் வைச்சால் பின்னேரமாகியும் வீட்டை வர ஏலாது."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தப் பேச்சு எவ்வளவு பாரமானது என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஏழு வருடங்களுக்கு முந்திய சிறுபோகம், கோடைப் பயிர்க்காலம். குளத்தில் தண்ணீர் குறைவு. முறை வைத்து விட்டோம்: நான்கு நாள் தலைப்புக்கு, மூன்று நாள் கடைக்கண்டத்துக்கு. புளியமரத்தடியில் ஓர் இரும்புக் கதவு. அது பூட்டிக் கிடந்தால் தண்ணீர் தலைப்பு வயல்களுக்குப் போகும், திறந்தால் கீழே கடைக்கண்டத்துக்கு. அதன் பூட்டுக்கு இரண்டு சாவி, எங்கள் பேச்சில் திறப்பு. ஒன்று உத்தியோகத்தரிடம், மற்றது வட்டவிதானையிடம். முதல் திறப்பை நான் எப்போதோ தொலைத்துவிட்டேன். மேலிடத்துக்கு அறிவிக்கவும் இல்லை. அதனால் அந்தக் கதவுக்கு இருந்தது ஆசீர்வாதத்தாரின் திறப்பு ஒன்றுதான்.

அந்தக் கிழமை அவர் பிறந்த தோட்டத்துக் கோவிலில் அறுப்பின் பண்டிகை. வருடாவருடம் ஒரு மூட்டை புது அரிசி கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் வைப்பார். தேயிலை விளைகிற இடத்தில் நெல் விளைவித்தவன் தான் ஒருவன்தான் என்று அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. முறைத் தண்ணீர் ஓடுகிற நேரம் போகமாட்டேன் என்றார். நான்தான் விடவில்லை. "திறப்பைத் தந்திட்டுப் போங்கோ. செவ்வாய்க்கிழமை விடிய நானே வந்து திறந்து விடுறன்" என்றேன். மடியிலிருந்து திறப்பை எடுத்துக் கையில் வைத்துக் கொஞ்சம் யோசித்தார். பிறகு தந்தார்.

திங்கட்கிழமை நான் கடற்கரையூரான சல்லிக்குப் போனேன். என் மனைவி சல்லிக்காரி. முத்துமாரியம்மன் கோவில் பொங்கல். பின்னேரமே திரும்புவதாகத்தான் போனேன். மைத்துனர் வீட்டில் நண்டுக்கறி, கடற்காற்று, சீட்டு விளையாட்டு. திறப்பு என் காற்சட்டைப் பைக்குள், காற்சட்டை சுவர் ஆணியில், நான் சாரத்தோடு. கந்தோர் அழைப்புகளின் கரைச்சல் வேண்டாம் என்று தொலைபேசியையும் நிறுத்தி வைத்தேன். செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று, வியாழன் போயிற்று. மறந்துபோனேன். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைச் சொல்ல எனக்கும் ஆசைதான், அப்படி ஒன்று இல்லை. வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறும்போது சில்லறைக்காகப் பைக்குள் கைவிட்டேன். விரலில் திறப்புப் பட்டது.

அந்த மூன்று நாளும் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நெருப்பாக அடித்திருந்தது. பயிர் குடலைப் பருவம், கதிர் தண்டுக்குள் இருக்கும் நேரம். அந்த நேரத்தில் நெல்லுக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் பிறகு எவ்வளவு விட்டும் பயனில்லை. பூட்டை உடைத்தால் வழக்கு என்று கடைக்கண்டத்தார் பொறுத்திருந்தார்கள். வட்டவிதானை மறித்து வைத்துத் தலைப்பாருக்குத் தண்ணீர் கொடுக்கிறார் என்று தங்களுக்குள் முடிவும் கட்டினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது, அன்று காலைதான் மலையிலிருந்து திரும்பியிருந்த ஆசீர்வாதத்தார் கதவடியில் நின்றார். பயண உடுப்புக்கூட மாற்றவில்லை. நான் பூட்டைத் திறந்தேன், அவர் கதவைத் தூக்கினார். அறுவடையில் கடைக்கண்டத்தில் முக்கால்வாசி சப்பி. அரிசி இல்லாத வெறும் உமி.

அவசரக் கூட்டம் போட்டார்கள். மேலிடத்து உத்தியோகத்தர் நடுவில், நான் பக்கத்தில், கூட்டக் குறிப்பு எழுதும் கொப்பியோடு. றசீத் எழும்பிக் கத்தினார்: "இந்த மனிசன வைங்கண்டு சொன்ன நான்! என்ட வாயால சொன்ன நான்! என்ட கழுத்துலயே கத்திய வைச்சிட்டார்!" மேலிடத்து உத்தியோகத்தர் கேட்டார், "திறப்பு ஆரிட்ட இருந்தது?"

ஆசீர்வாதத்தார் எழும்பினார். "திறப்பு வட்டவிதானையின்ர கையில இருக்கவேண்டிய சாமான். அதைக் கவனமா வைச்சிருக்காதது என்ர பிழை. கடைக்கண்டத்து ஆக்கள் என்னை மன்னிக்கவேணும்."

கவனியுங்கள், அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. திறப்பு அந்த நேரத்தில் என் சேட்டுப் பைக்குள் இருந்தது. என் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஓய்வூதியத்துக்கு எனக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. விசாரணை வந்தால் தொலைந்த திறப்பும் சேர்ந்து வெளியே வரும். நான் குனிந்து கொப்பியைப் பார்த்தேன். கைகளைத் தூக்கி அவரை விலக்கினார்கள். கொப்பியில், 'வட்டவிதானையின் கவனயீனத்தால்' என்று என் கையால், என் வடிவான எழுத்தால் எழுதினேன். அடுத்த கிழமை கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டார்கள்.

அந்த ஞாயிறு பத்தரைக்குப் படலை சத்தம் போட்டது. வந்தார், இருந்தார், தேநீரை வாங்கினார். திறப்பை எடுத்து மேசையில் வைத்து, "ஏன் என்ர பேரைச் சொல்லேல்ல?" என்று கேட்டேன்.

கோப்பையைக் கீழே வைத்தார். குரல் உயரவில்லை. "தெறப்ப குடுத்தது என் தப்புங்க. அத நான் சொல்லிட்டேன். ஒங்க தப்ப நான் சொல்லக் கூடாதுங்க ஐயா. அத நீங்கதான் சொல்லணும்."

மலைநாட்டுத் தமிழ். அப்போதுதான் அவருடைய கோபம் எவ்வளவென்று எனக்குத் தெரிந்தது. திறப்பை அவர் தொடவில்லை. மீதித் தேநீரைக் குடித்துவிட்டு, மனைவியிடம் சொல்லிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. ஊரில் அவர் 'தண்ணி மறிச்சவர்' ஆனார். றசீத் இரண்டு போகம் அவரோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. எனக்கு ஓய்வூதியம் வந்தது, பிரியாவிடையில் மாலை போட்டார்கள். போகத்துக்குப் போகம் தொலைபேசி மட்டும் வந்தது: "கூட்டம் ஐயா. வாறீங்களோ?" ஓய்வு பெற்றவனுக்கு ஏன் கூட்டத்துத் திகதியைச் சொல்கிறார் என்று விளங்காதவன்போல் நடித்தேன். ஒருநாளாவது அவர் என்னைத் திட்டியிருந்தால் தப்பியிருப்பேன் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அடக்கம். புதன்கிழமைக் கூட்டத்தைத் தள்ளிவைத்திருந்தார்கள், அவருக்கு மரியாதையாக. அவரை விலக்கிய அதே ஆட்கள்! வெள்ளை அங்கியில் போதகர் செபம் சொன்னார். தலைப்பாரும் கடைக்கண்டத்தாரும் கலந்து நின்றார்கள். மண் போடும் வரிசையில் எனக்கு முன்னால் றசீத். தாடி முழுக்க நரைத்துவிட்டது. மண்ணைப் போட்டுவிட்டு என் தோளைப் பிடித்து, "நல்ல மனிசன் ஐயா. ஒரேயொரு பிழைதான் விட்டவர். அதையும் நான் எப்பவோ மன்னிச்சிட்டன்" என்றார்.

என் கையில் ஒரு பிடி மண் இருந்தது. "ஓம்" என்றேன்.

என்னை நானே நம்பமுடியாமல் நின்றேன். ஏழு வருடத்துக்கு முன் வாய் திறக்கவில்லை. இப்போது வாய் திறந்து, பெட்டிக்குள் கிடந்தவருக்கு மேலே நின்று, ஓம் என்றேன்.

ஒரு கிழமை கழித்து ஞானமலர் அழைப்பெடுத்தாள். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் வேண்டும், அப்பாவுக்கு உங்களைவிட நெருங்கியவர் யார் என்றாள். தாளோடு போகாமல் ஆளாகவே தம்பலகாமத்துக்குப் போனேன். அவள் குசினி வாசலில் நின்றாள். திறப்பை அவள் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடியும்வரை அவள் நிலைக்கதவில் வைத்த கையை எடுக்கவில்லை.

"அம்மா அந்த வருசம்தான் செத்தவ" என்றாள். "சாகிற கிழமையும், ஏன் அந்தச் சனத்தின்ர தண்ணியை மறிச்சனீங்கள் எண்டு அப்பாவைக் கேட்டவ. அப்பா, பிழை விட்டிட்டன் எண்டு மட்டும் சொன்னவர். அம்மாவுக்குக்கூடச் சொல்லேல்ல மாமா."

அவர் மனைவி அந்த வருடம் இறந்தது எனக்குத் தெரியும், இது தெரியாது. அந்த நிமிடம்வரை தெரியாது. அந்த வருடமும் அவர் ஞாயிறு தவறாமல் வந்து என் வீட்டில் தேநீர் குடித்திருக்கிறார்.

நான் எழுதுவதா விடுவதா என்று கேட்டேன். "எழுதுங்கோ. நல்ல மனுசன், நேர்மையான மனுசன் எண்டு எல்லாரும் எழுதுவினம். நீங்கள் இதை எழுதுங்கோ. பேரைப் போட்டு எழுதுங்கோ" என்றாள். பிறகு, "தேத்தண்ணி போட எனக்கு ஏலாமல் கிடக்கு. குறை நினைக்காதேங்கோ" என்றாள். அந்த வீட்டில் நான் தேநீர் குடிக்காமல் வந்தது அதுதான் முதல் தடவை.

அங்கிருந்து நேரே கிண்ணியாவுக்குப் போனேன். றசீத் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையில் இருந்த பலகையை மெல்லச் சுவரில் சாத்திவிட்டு, நெல்லின் ஓரத்திலேயே குந்தினார்.

"நான் அந்த மனிசன மன்னிச்சிட்டன் எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச நான்" என்றார். "அவர்ட முகத்துக்கு நேர நிண்டும் சொன்ன நான். பெரிய மனசுண்டு நினைச்சிக்கிட்டுச் சொன்ன நான். அதுக்கும் ஓம் எண்டு தலையாட்டினவர் ஐயா. இப்ப நான் ஆருக்கிட்டப் போய் மன்னிப்புக் கேக்கிற?"



ஆசீர்வாதத்தாரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தத் திறப்பு. விரல் நீளம், பித்தளை, அவர் மடியில் பன்னிரண்டு வருடம் கிடந்து ஒரு பக்கம் தேய்ந்தது. தள்ளிப்போன கூட்டம் வருகிற புதன்கிழமை. இதை எடுத்துக்கொண்டு போவேன், எழும்பி நிற்பேன். முன்கதிரையில் அவர் இருக்கமாட்டார். அதனால்தான் அன்றைய கொப்பியில் எழுதிய அதே கையால், அவருடைய முறைப்படி, என் பிழையை மட்டும் இங்கே முதலில் எழுதுகிறேன். அந்த மூன்று நாளும் புளியடிக் கதவைத் திறக்காமல் விட்டவன் நான். அவருடைய மகள் கேட்டபடி பெயரையும் போடுகிறேன்.

கதிர்காமத்தம்பி தர்மலிங்கம்,
ஓர்ஸ் ஹில், திருகோணமலை.